அந்தமானுக்கு எந்தப் பயண வழிகாட்டி? வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

டிசம்பர் விடுமுறைக்கு அந்தமான் டிக்கெட் போட்டுவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" கேள்வி சின்னதுதான், ஆனால் கடையில் போய் நின்றால் குழப்பம் வந்துவிடும். ஒரு பக்கம் செங்கல் கனத்தில், இந்தியா முழுமைக்குமான ஆங்கில வழிகாட்டி. பக்கத்தில் நீலக் கடலும் தென்னை மரமும் அட்டையில் போட்ட மெலிந்த கையேடு. தமிழ்ப் பகுதியில் யாரோ போய்வந்து எழுதிய பயண நூல். கூட வந்தவரோ, "கைபேசியில் எல்லாம் இருக்கிறதே, புத்தகம் எதற்கு?" என்பார்.

இந்த நான்கையும் நான் வெவ்வேறு பயணங்களில் நம்பிப் போயிருக்கிறேன். எனக்குத் தெளிவானது ஒன்று. தீவுக்கான வழிகாட்டியை, கடலைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும். ஊட்டியில் தங்குமிடம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு பார்க்கலாம். ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ் வரும். தீவில் படகைத் தவறவிட்டால் அன்றைய நாள் போய்விடும், மறுநாளுக்குப் போட்ட திட்டமும் சேர்ந்து சரியும். அதனால் ஓட்டல் பட்டியலையும் சாப்பாட்டு விலையையும் நான் அளவுகோலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் அவை பழசாகியிருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது?

படகும் துறையும். அந்தமான் நிக்கோபாரில் 500க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. மக்கள் வாழ்வது 40க்கும் குறைவான தீவுகளில்தான். சுற்றுலாப் பயணி பார்ப்பது இன்னும் குறைவு. ஆனால் தலைநகர் போர்ட் பிளேருக்குள்ளேயே துறைகள் பல. சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தாவிலிருந்து வரும் பெரிய கப்பல்கள் ஹாடோவில் நிற்கும். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் அரசுப் படகுகளுக்கு ஃபீனிக்ஸ் பே. எதிரே தெரியும் ராஸ் தீவுக்கு அபர்தீன் துறை. இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்த வரைபடம் இல்லாத வழிகாட்டியை நான் வாங்கமாட்டேன். வானிலை கெட்டால் படகு ரத்தாகும், ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலேயே தங்குங்கள் என்று சொல்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கூபா டைவ் செய்தவர்கள் அன்றே விமானம் ஏறக் கூடாது என்பதால் இந்த அறிவுரைக்கு இரட்டை மதிப்பு.

வெளிச்சம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடிகாரமோ அதே இந்திய நேரம். டிசம்பரில் காலை ஐந்தரைக்கே விடிந்து, மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். "மாலை ஐந்தரைக்குக் கிளம்பிப்போய் அஸ்தமனம் பார்க்கலாம்" என்று நம் ஊர் நினைப்பில் இருந்தால் இருட்டில்தான் நிற்க வேண்டும். நல்ல வழிகாட்டி முதல் சில பக்கங்களிலேயே இதைச் சொல்லி, நாளை அதிகாலையிலிருந்து திட்டமிட வைக்கும்.

கடல் வற்றும் நேரம். இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். நீல் தீவின் லக்ஷ்மண்பூர் கடற்கரையில் பவளப் பாறை வளைவு ஒன்று இருக்கிறது. இயற்கைப் பாலம் என்பார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு அது ஹவுரா பாலம். எங்கள் கையேட்டில் "அவசியம் காண வேண்டியது" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு, முழங்கால் வலி உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனோம். கடல் ஏறியிருந்தது. நடந்துபோக வேண்டிய பாறைத் தரை முழுக்கத் தண்ணீருக்கு அடியில். மறுநாள் காலையில் எங்களுக்குப் படகு. அம்மா அந்தப் பாலத்தைப் பார்க்கவே இல்லை.

கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். எந்தப் புத்தகமும் உங்கள் பயண நாளுக்கான நேரத்தை அச்சிட முடியாது. ஆனால் "கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே போங்கள், அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாக்கியம் எழுதலாமே. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

பெயர்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் அறிவித்தார்கள். பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான். டிக்கெட்டிலும் பலகையிலும் புதியவை இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தரும் புத்தகம் வேண்டும். இன்னொன்று, அந்தமானில் ராஸ் என்று இரண்டு தீவுகள் உண்டு. ஒன்று போர்ட் பிளேருக்கு எதிரே, ஆங்கிலேயர் காலத்து இடிபாடுகளோடு இருப்பது. மற்றது சாலை வழியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே, திக்லிப்பூர் பக்கம், ஸ்மித் தீவோடு மணல்திட்டால் இணைந்திருப்பது. படங்களில் எல்லோரும் மயங்கும் அந்த மணல்திட்டு வடக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் புத்தகத்தை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

ஆபத்தும் சட்டமும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில், புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரைக்கு அருகே, நீருக்குள் இறங்கியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைச் சொல்லாத புத்தகம் கடமையில் தவறியது. பராட்டாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப்பகுதி வழியாகச் செல்கிறது. வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் அணியாகத்தான் விடப்படும். நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம், பழங்குடியினர் பாதுகாப்புக்கென்று 1956இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. "வழியில் ஆதிவாசிகளைக் காணலாம்" என்று ஆசை காட்டும் வழிகாட்டி, மற்றதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். மனிதர்களைக் காட்சிப் பொருளாக்குபவரின் மற்ற அறிவுரைகளையும் என்னால் நம்ப முடியவில்லை.

பதிப்பு ஆண்டு. உள்பக்கத்தில் மறு அச்சு ஆண்டு ஒன்று இருக்கும், திருத்திய பதிப்பின் ஆண்டு வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை.

## கனமான இந்தியா வழிகாட்டி

லோன்லி பிளானட், ரஃப் கைட்ஸ் மாதிரியான பதிப்பகங்களின் இந்தியா நூல்களைச் சொல்கிறேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் அந்தமானுக்கு ஒரே ஓர் அத்தியாயம். ஆனால் அந்த அத்தியாயத்தை எழுதியவர்கள் வழிகாட்டி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். துறை, வரைபடம், பருவம், எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு நேரடிப் படகு என்ற விவரங்கள் ஒழுங்காக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் அடிக்கும் தீவு இது என்பதை இந்த வகை நூல்கள் விடாமல் சொல்லும். ஜாரவா விஷயத்திலும் பெரும்பாலும் பொறுப்போடு எழுதுகிறார்கள்.

மறைமுகச் செலவு என்னவென்றால், முழுப் புத்தகத்துக்கும் பணம் கொடுத்து சில பத்துப் பக்கங்களைத்தான் பயன்படுத்துவீர்கள். ஒரு கிலோவை நெருங்கும் கனம் வேறு. எழுத்தின் நோக்கும் நம் குடும்பங்களுக்கானது இல்லை. தனியாகவோ இருவராகவோ பல வாரம் திரியும் வெளிநாட்டவர்தான் அவர்கள் மனதில் இருக்கும் வாசகர். அவர்களுக்கான அனுமதி விதிகளுக்குப் பக்கங்கள் ஒதுக்குவார்கள். எழுபது வயதுப் பாட்டியைப் படகிலிருந்து இறக்கும்போது எத்தனை படி என்று சொல்லமாட்டார்கள்.

இது யாருக்கு? ஆறு நாளுக்கு மேல் இருப்பவர்களுக்கு. மாயாபந்தர், திக்லிப்பூர், லாங் தீவு என்று வடக்கே போக நினைப்பவர்களுக்கு. இந்தியாவின் மற்ற இடங்களுக்கும் அடுத்தடுத்துப் போகத் திட்டம் உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் நூலகத்தில் எடுத்து அந்த அத்தியாயத்தை மட்டும் வீட்டில் நிதானமாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டால் போதும். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பழைய பதிப்பாக இருந்தாலும் துறைகளும் தீவுகளும் இடம் மாறியிருக்காது.

## அந்தமானுக்கென்றே வரும் சிறு கையேடு

போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரிலும் விமான நிலையத்திலும் கிடைக்கும், சில சமயம் சென்னைக் கடைகளிலும் பார்க்கலாம். விலை குறைவு, பையில் அடங்கும், படங்கள் அழகாக இருக்கும், மடித்துவைத்த வரைபடம் கூடவே வரும். அந்த வரைபடத்துக்காகவே நான் வாங்குவதுண்டு. தீவுகள் வடக்கு தெற்காக எப்படி நீண்டு கிடக்கின்றன என்பது கைபேசியின் சின்னத் திரையில் புரிவதில்லை. பிள்ளைகள் மேசைமேல் விரித்து வைத்துப் படகுப் பாதையை விரலால் தொட்டுக் காட்டும்போது பயணம் அப்போதே தொடங்கிவிடும்.

குறை என்னவென்றால் தேதி இருக்காது. பதிப்பு ஆண்டே அச்சிடாதவை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கு அந்தமானின் தாழ்ந்த பகுதிகளில் கடல் உள்ளே வந்துவிட்டது, வடக்கில் நிலம் உயர்ந்து பவளத் திட்டுகள் வெளியே தெரிந்தன. 2010இல் கடல் வெப்பத்தால் பவளங்கள் பெருமளவில் வெளிறின. பழைய படங்களையும் பழைய வர்ணனைகளையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கும் கையேடு, இன்று இல்லாத கடலைக் காட்டும். ஒரு தங்குமிடத்தை மட்டும் வரிந்து வரிந்து புகழ்ந்திருந்தால் அது விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கைப் பாலம் விஷயத்தில் எங்களைக் கைவிட்டதும் இந்த வகைதான்.

இருந்தும், வண்டி, படகு, அறை எல்லாவற்றையும் ஏற்பாட்டாளரே பார்த்துக்கொள்ளும் நான்கைந்து நாள் பயணத்துக்கு இது தாராளமாகப் போதும். அங்கே உங்களுக்கு வேண்டியது வரைபடமும் இடத்தைப் பற்றி இரண்டு பத்தியும்தான்.

## தமிழ்ப் பயண நூல்

இதை வழிகாட்டி என்று எடுத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். எழுதியவர் போன பருவம், அவர் போன பாதை, அவருக்குக் கிடைத்த படகு. நமக்கு அது பொருந்தாது. படகு அட்டவணையையோ துறையையோ இதில் தேடாதீர்கள்.

ஆனால் செல்லுலார் சிறைக்குள் நுழையும்போது வேறு எந்தப் புத்தகமும் தராததை இது தரும். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம் அது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள், இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. ஒரு கிளையின் அறை வாசல் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும், ஒரு கைதியின் முகம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் முன்பே படித்து மனதில் ஏற்றியிருந்தால் அந்த வராந்தாவில் நடக்கும்போது கால் தானாக மெதுவாகும். படிக்காமல் போனால் வரிசையாகச் சில இருட்டு அறைகள் தெரியும், அவ்வளவுதான். 1942இலிருந்து 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவு மக்கள் பட்ட பாட்டை ஆங்கில வழிகாட்டிகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. தமிழில் எழுதுபவர்கள் அங்கே நின்று பேசுகிறார்கள்.

நமக்கும் அந்தத் தீவுகளுக்குமான உறவும் இந்த நூல்களில்தான் வரும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார்தான். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும். அந்தக் குரல்களுக்குப் பின்னால் தலைமுறைகளின் கதை இருக்கிறது என்று தெரிந்து பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே இதைக் கிளம்பும் முன் படியுங்கள். கப்பலில் போகிறவர்கள் கையிலேயே எடுத்துக்கொள்ளலாம், ஏறத்தாழ மூன்று நாள் கடல் பயணம். நேரம் நிறைய இருக்கும்.

## கைபேசி மட்டும்

சில வருடங்களுக்கு முன்புவரை இதற்கு என் பதில் "கூடவே கூடாது" என்பதுதான். அப்போது தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது, ஒரு படம் இறங்க ஒரு யுகம் ஆகும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் இணைக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. போர்ட் பிளேரில் நம் ஊர் போலவே வேலை செய்கிறது, ஹேவ்லாக்கிலும் பரவாயில்லை. அன்றைய கடல் வற்றும் நேரம், புயல் எச்சரிக்கை, படகு ரத்தான செய்தி ஆகியவற்றில் எந்தப் புத்தகமும் கைபேசிக்கு ஈடாகாது.

சிக்கல் வேறு இடத்தில். கைபேசி நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் தரும். கடல் வற்றும் நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் அதைத் தேடப்போவதில்லை. முதலை இருக்குமா என்று யாருக்குத் தோன்றும்? எதைக் கேட்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லித் தருகிறது, இன்றைய பதிலைக் கைபேசி தருகிறது. ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது.

இணையத்தில் இருக்கும் பயணத் திட்டங்களில் பல, தொகுப்புச் சுற்றுலா விற்பவர்கள் எழுதியவை. ஒரே நாளில் எத்தனை இடம் அடைக்கலாம் என்பதில்தான் அவர்கள் கவனம். பராட்டாங் போகும் வழியில் காட்டுப்பகுதிக்குள் சிக்னல் இருக்காது. உப்புத் தண்ணீர், மணல், காலி பேட்டரி, இந்த மூன்றும் கைபேசிக்கு எதிரிகள். படகுச் சீட்டு, அறை முன்பதிவு, வரைபடம், பணம் எல்லாம் ஒரே கருவியில் இருந்து அது நனைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி இறக்கிவைத்து, சீட்டுகளை ஒரு பிரதி அச்செடுத்து, கையில் ரொக்கமும் வைத்திருந்தால் இந்த ஆபத்து பாதியாகக் குறையும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கனமான வழிகாட்டி | சிறு கையேடு | தமிழ்ப் பயண நூல் | கைபேசி |
|---|---|---|---|---|
| துறை, படகுப் பாதை | நன்று | வரைபடம் உதவும் | இல்லை | இன்றைய நிலை தெரியும் |
| வெளிச்சம், பருவம் | நன்று | அரைகுறை | எழுதியவர் போன பருவம் மட்டும் | கேட்டால் தரும் |
| கடல் வற்றும் நேரம் | எச்சரிக்கும் | பெரும்பாலும் இல்லை | அரிது | துல்லியம் |
| புதிய, பழைய பெயர்கள் | புதிய பதிப்பில் உண்டு | பார்த்து வாங்கவும் | பழையவை | இரண்டும் |
| ஆபத்து, சட்டம் | நன்று | நூலுக்கு நூல் மாறும் | கதையாக வரும் | தேடினால்தான் |
| வரலாறு | சுருக்கம் | மேலோட்டம் | மிக நன்று | சிதறிக் கிடக்கும் |
| மறைமுகச் செலவு | கனம், பயன்படாத பக்கங்கள் | தேதி இல்லாமை, விளம்பரம் | நேரம் | பேட்டரி, விற்பனைப் பேச்சு |

## யாருக்கு எது?

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆறு நாள் போகும் குடும்பம் என்றால்: கனமான வழிகாட்டியின் அத்தியாயத்தை நூலகத்தில் படித்துக் குறிப்பு, கையில் சிறு கையேட்டின் வரைபடம், அன்றாட நேரங்களுக்குக் கைபேசி. பெரியவர்களுக்கு ஒரு தமிழ் நூலைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். சிறை வளாகத்தில் பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே வழிகாட்டியாகிவிடுவார்கள்.

புதுமணத் தம்பதிகள் ஹேவ்லாக்கில் மட்டும் நான்கு நாள் இருக்கப்போகிறார்கள் என்றால் கைபேசியே போதும். முதலை எச்சரிக்கைப் பலகையையும் உயிர்காப்பாளர் சொல்வதையும் மதித்தால் சரி.

டைவிங், ஸ்நார்க்கலிங்குக்காகவே போகிறவர்கள் பொது வழிகாட்டியில் செலவழிக்கும் பணத்தை மீன்களையும் பவளங்களையும் படத்தோடு அடையாளம் காட்டும் கள நூலில் போடலாம். பார்த்தது கிளிமீனா கோமாளி மீனா என்று தெரிந்தால் அடுத்த முறை நீருக்குள் கண் தானாகக் கூர்மையாகும். வண்டூர் பக்கத்துக் கடல்வாழ் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரண்டு தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இறந்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துவர அனுமதி இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் வைத்து ஆசையாக விளையாடியதை விமான நிலையத்தில் பிடுங்கினால் அழுகை வரும்.

கடைக்குப் போகிறவர்கள் அங்கேயே ஐந்து நிமிடம் நின்று மூன்று பக்கங்களை மட்டும் பாருங்கள்: பதிப்பு ஆண்டு, ராஸ் தீவு, நீல் தீவு. ராஸ் இரண்டு என்று தெரிந்து எழுதியிருக்கிறாரா, நீல் பக்கத்தில் கடல் வற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? இருந்தால் வாங்கலாம்.

நீலுக்கு எந்த நாள் என்று முடிவு செய்யும் முன் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் ஒரு தடவை புரட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகமாக வற்றும். அந்த நாட்களில் ஒன்றை நீலுக்கு ஒதுக்கி, வற்றும் நேரத்தைக் கைபேசியில் பார்த்து, கையேட்டின் அட்டையில் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள்.